எட்டுக் குண்டு ரிவால்வர்

என் மாமாவுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது எனக்குத் தெரியவர ரொம்ப வருடங்களாயின. நாலாம் வகுப்பில் இருந்தபோது, உலகத்திலேயே துப்பாக்கியைப் பற்றி அதிகம் அறிந்த மனிதர் அவர்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விடாமல் வகுப்பு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன். அவருக்கு அரசாங்க வேலை கிடைத்தால் அது போலீஸ் வேலையாகத்தான் இருக்கும் என்று என் பெஞ்சுத் தோழிகள் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்லூரி முடித்து வேலை இல்லாமல் இருந்தார். ஊரில் இருந்தால் படிப்பு ஓடாது என்று சொல்லி, சர்க்கார் பரீட்சைக்குத் தயார் செய்யத் திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். முன்னறையில் பாய் போட்டு, செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தை விரித்துவைத்து, அதன் மேல் கன்னத்தை வைத்துத் தூங்குவார். அம்மா அந்த வழியாகப் போகும்போது மட்டும் பக்கம் புரளும் சத்தம் கேட்கும்.

அந்த வருடம் தீபாவளிக்கு எனக்குத் துப்பாக்கி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி துப்பாக்கி? மத்தாப்பு போதும்” என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா வழக்கம்போல என் கட்சி. அவருக்கு அலுவலகம் விட்டு வர நேரமாகும் என்பதால், துப்பாக்கி வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு மாமாவிடம் போய்ச் சேர்ந்தது. மாமா முதலில் அலுத்துக்கொண்டார். சின்னக்கடைத் தெருவில் இருந்த ஒரு வளையல் கடைக்கு ஒருமுறை போய்வந்த பிறகு அவர் அலுத்துக்கொள்ளவே இல்லை.

வருடம் முழுக்க வளையல், ரிப்பன், பவுடர் விற்கும் கடை அது. தீபாவளி நெருங்கும்போது வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு, சின்னப் பிள்ளைகளுக்கான மத்தாப்பு, பாம்பு மாத்திரை, துப்பாக்கி, கேப் எல்லாம் அடுக்கிவிடுவார்கள். கடைக்காரர் சாயங்காலம் தவறாமல் பெரிய கோயிலுக்கு சாயரட்சை பூஜை பார்க்கப் போவார். அவர் திரும்பி வரும் வரை அவருடைய மகள் கடையில் உட்கார்ந்திருப்பார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒல்லியாக, நீளமான கையோடு இருப்பார். கடைச் சரக்கிலிருந்து தினம் ஒரு நிறத்தில் கண்ணாடி வளையல் போட்டுக்கொள்வார்.

கடையில் பெரிய துப்பாக்கி இரண்டே ரகம். ஒன்று கறுப்பு, நீளக் குழல். காகிதச் சுருளில் பொட்டுப் பொட்டாக மருந்து வைத்த ரோல் கேப்பை அதன் வயிற்றுக்குள் போட்டு மூடிவிட்டால் சுட்டுக்கொண்டே இருக்கலாம். இன்னொன்று வெள்ளை, வாய் அகலமான ரிவால்வர். அதற்குச் சிவப்பு பிளாஸ்டிக் வளையமாக வரும் ரிங் கேப் போட வேண்டும். ஒரு ரிங்குக்கு எட்டு வெடி. எட்டும் ஆனதும் துப்பாக்கியைப் பிளந்து, காலி ரிங்கை எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். எனக்குக் கறுப்புதான் பிடித்திருந்தது. நிறுத்தாமல் சுடலாம் என்ற ஒரு காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாமாவுக்கு அது போதவில்லை. “அவசரப்படாத பாப்பா. துப்பாக்கி வாங்கறது கத்திரிக்கா வாங்கற மாதிரி இல்ல” என்றார். கறுப்பை எடுத்து எடை பார்த்தார். வெள்ளையை எடுத்து வாயை அளந்தார். அன்றைக்கு முடிவு ஆகவில்லை. மறுநாளும் போனோம், அதற்கு மறுநாளும். விளக்கு வைக்கும் நேரத்தில் பார்த்தால்தான் துப்பாக்கியின் நிஜமான நிறம் தெரியும் என்றார் மாமா. கடைக்காரர் கோயிலுக்குக் கிளம்புவதும் அதே நேரம்தான் என்பதை நான் கவனித்திருந்தேன், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு விசித்திரம், மாமா அக்காவிடம் நேராகப் பேசவே மாட்டார். அக்கா எதிரிலேயே நின்றுகொண்டிருக்கும்போது மாமா என்னைப் பார்த்து, “இந்த வெள்ளையில சத்தம் எப்படி இருக்கும்னு கேளு பாப்பா” என்பார். நான் கேட்பேன். அக்காவும் என்னைப் பார்த்தே, “தெருக்கோடி வரைக்கும் கேக்கும்னு சொல்லு” என்பார். நான் சொல்வேன். கடையில் இப்படித்தான் பேச வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, ஒருநாள் அம்மாவோடு காய்கறிக் கடைக்குப் போனபோது நானும் அப்படியே செய்து தலையில் ஒரு குட்டு வாங்கினேன்.

திரும்பி வரும் வழியில் மாமா ஏதோ யோசனையில் நடப்பார். “இன்னிக்குப் பச்சை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். “எது மாமா பச்சை?” என்று கேட்டால், “துப்பாக்கியப் பத்தி யோசிக்கறேன், சும்மா வா” என்பார். பச்சையில் துப்பாக்கியே இல்லை.

கடைசியில் வெள்ளை ரிவால்வர்தான் என்று மாமா தீர்ப்பு சொன்னார். நான் அங்கேயே உதட்டைப் பிதுக்கினேன். எட்டு வெடித்ததும் தீர்ந்துவிடுமே என்றேன். மாமா என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: “தீர்ந்தா என்ன? சுடறது எல்லாரும்தான் சுடுவாங்க. திரும்ப நிரப்பறதுலதான் இருக்கு விஷயமே. கறுப்பு வாங்கினா இன்னிக்கு வாங்கினதோட சரி. இது அப்படியில்ல. தீரத் தீர வந்து வாங்கிக்கலாம்.”

பெஞ்சுக்கு அந்தப் பக்கம் அக்கா குனிந்து எதையோ தேடினார். வளையல்கள் சிணுங்கின. நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. குனிந்ததால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிங்கை மாட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அக்காதான். நகத்தால் ஒரு கொக்கியை நெம்பி, ரிவால்வரை இரண்டாக மடக்கி, சிவப்பு வளையத்தை உள்ளே வைத்து ஒரு சொடுக்கில் மூடிவிடுவார். எனக்கு வரவில்லை. மாமாவுக்கும் வரவில்லை. “மாமாவுக்கு ஒரு தரம் காட்டச் சொல்லு” என்பார் மாமா. அக்கா காட்டுவார். “இன்னொரு தரம்.” அக்கா மறுபடி காட்டுவார். பட்டப்படிப்பு முடித்த மனிதர் ஒரு பொம்மைத் துப்பாக்கிக்கு ரிங் மாட்ட ஒரு வாரம் கற்றுக்கொண்டார்.

துப்பாக்கி வந்த பிறகு தினமும் கடைக்குப் போவது வழக்கமாயிற்று. ஏனென்றால் அக்கா தினம் ஒரே ஒரு டப்பா ரிங் கேப்தான் கொடுப்பார். “ஸ்டாக் கம்மி பாப்பா. இன்னிக்கு ஒண்ணுதான். நாளைக்கு வா” என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். ஏனென்றால் அவர் தலைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் கேப் டப்பாக்கள் அடுக்கடுக்காக மேல்தட்டு வரை நிற்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கையை நீட்டிக் காட்டினேன். “அது வேற ஆளுங்க சொல்லி வெச்சது” என்றார் கூசாமல். அடுத்து வந்த ஒரு பையனுக்கு அதே அலமாரியிலிருந்து ஐந்து டப்பா எடுத்துக் கொடுத்ததையும் பார்த்தேன். நான் பார்த்ததை மாமாவும் பார்த்தார். எனக்காக அவர் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவரோ, ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்.

இப்போது நினைத்தால் அந்தச் சாயங்காலங்களுக்காக மனசு அடித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் மாமாவின் விரல், இன்னொரு பக்கம் அக்காவின் வளையல் கை, நடுவில் நான். என் வழியாகத்தான் அவர்கள் பேசினார்கள், என் தலைக்கு மேல்தான் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு அவசியமானவளாக அதற்குப் பிறகு நான் எங்கேயும் இருந்ததில்லை. அன்றைக்கோ, எப்போது கறுப்புத் துப்பாக்கி வாங்கலாம் என்பதுதான் என் கவலை.

மற்ற ஊர்களில் தீபாவளியோடு பட்டாசு முடிந்துவிடும். எங்கள் ஊரில் கார்த்திகை தீபம் வரை பிள்ளைகள் வெடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதனால் தீபாவளி முடிந்தும் கடை வாசலில் பெஞ்சு இருந்தது, நாங்களும் போய்க்கொண்டிருந்தோம். ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவிடம் நான் குறை சொன்னேன். அந்த வளையல் கடை அக்கா சரியான கஞ்சம், அலமாரி நிறைய வைத்துக்கொண்டு ஒரு டப்பாவுக்கு மேல் தருவதில்லை, மாமாவும் தட்டிக் கேட்பதில்லை என்றேன். மாமா தட்டில் இருந்த சோற்றைக் கவனமாகப் பிசைந்துகொண்டிருந்தார்.

அப்பா எந்தக் குறையையும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவர் அல்ல. அவருக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் தீபாவளிக்கு மிஞ்சிய சரக்கைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து, அப்பா வண்டியின் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். பெட்டி முழுக்க ரிங் கேப். “இந்தா, அடுத்த தீபாவளி வரைக்கும் சுடு. மாப்ளே, இனிமே உனக்கும் அலைச்சல் இல்ல, உக்காந்து படி” என்றார். நான் ஆடிய ஆட்டத்தில் முன்னறை அதிர்ந்தது. மாமா பெட்டியைத் திறந்து, விரலை விட்டு அடிவரை பார்த்தார். பிறகு, தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாமா கெட்டுப்போனார். துப்பாக்கியை நீட்டினால், “நீயே மாட்டிக்கோ, உனக்குத்தான் தெரியுமே” என்றார். சாயங்காலம் கடைப் பக்கம் போகலாமா என்று அவராகவே எழுந்து, வாசல் வரை வந்து, என்ன காரணத்துக்குப் போவது என்று யோசித்து, திரும்பிப் போய்ப் பாயில் உட்காருவார். அவர் மட்டும் தனியாகப் போயிருக்கலாமே என்று இன்றைக்குத் தோன்றுகிறது. வேலையில்லாத ஆண்பிள்ளை, கூடப்பிறந்தவளின் புருஷன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், கையில் ஒரு குழந்தையும் இல்லாமல் வளையல் கடை வாசலில் போய் நிற்க முடியாது. அவருக்கு இருந்த ஒரே சாக்கு என் கேப். அது இப்போது வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருந்தது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் வேட்டவலத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போனோம். மாமா படிக்க வேண்டும் என்று வீட்டில் இருந்தார். திரும்பி வந்தால், முன்னறை மூலையில் இருந்த பெட்டி தொப்பலாக நனைந்திருந்தது. அட்டை கூழாகி, ரிங் கேப்பெல்லாம் மருந்து கரைந்து மிதந்தன. நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். “மேலேர்ந்து ஒழுகுது” என்று மாமா கூரையைக் காட்டினார்.

பெட்டிக்குப் பக்கத்தில் மாமாவின் பாய் இருந்தது, நனையவில்லை. அவர் புத்தகமும் காய்ந்தே இருந்தது. அப்பா இதையெல்லாம் பார்க்கவில்லை. மழை விட்டதும் கொத்தனாரை அழைத்துவந்து மாடிக்கு ஏற்றினார். அவர் மேலே போய்த் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவந்தார். “சார், மேல ஒரு வெடிப்பும் இல்ல. இது யாரோ சொம்பு சொம்பா மோந்து ஊத்தினாப்ல இருக்குது” என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “வீட்டுல என் மச்சான் ஒருத்தன்தான் இருந்தான். படிக்கற பையன். அவன் எதுக்குப்பா ஊத்தப் போறான்? வேலைய ஜாஸ்தி இழுக்காம பூசி விடு” என்றார். அந்த அறைக்கு நேர் மேலே, மாடியில், பாய் அகலத்துக்கு ஒரு சிமெண்டுப் பூச்சு போடப்பட்டது. மணல் சட்டியை மாமாவே மாடிக்குச் சுமந்தார். அவ்வளவு சுறுசுறுப்பாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

மறுநாளே, “வா பாப்பா, கேப் வாங்கலாம்” என்று கிளம்பினார். தலையை இரண்டு முறை வாரிக்கொண்டார். தெருவில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தார். கடைக்காரர் கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார், அன்றைக்குக் கையில் தங்க வளையல்.

“எங்க பாப்பா, ஆளையே காணோம்? கேப் வேணாமா?” என்று கேட்டார். குரலில் ஒரு மாதிரி வருத்தம் இருந்தது. வியாபாரம் போன வருத்தம் என்று எடுத்துக்கொண்டு, நடந்த எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா ஒரு பெட்டி வாங்கிவந்ததை, அது நனைந்ததை, நான் அழுததை. “கூரையெல்லாம் ஒழுகலியாம் அக்கா. யாரோ சொம்பால மோந்து ஊத்தியிருக்காங்கனு கொத்தனார் சொன்னாரு. ஆனா வீட்டுல மாமா மட்டும்தான் இருந்தாரு. மாமா பாய் கூட நனையல” என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக மாமாவை நேராகப் பார்த்தார்.

“ஒரு பெட்டியுமா?” என்று கேட்டார்.

“ம்” என்றார் மாமா.

எனக்குத் தெரிந்து அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அவ்வளவுதான். தெருவில் ஆட்டோக்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. தீபத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் அகல் விளக்கு விலை கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். அக்கா மறுபடி என் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண் பளபளவென்று இருந்தது.

“அது கொஞ்சம் முன்னாடியே நனஞ்சிருக்கலாம் பாப்பா” என்றார். “போன வாரம் எனக்கு நிச்சயம் பண்ணிட்டாங்க. தை மாசம் பெங்களூருக்குப் போயிடுவேன்.”

நிச்சயம் என்றால் லட்டு என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். “அப்போ யாரு எனக்கு கேப் தருவாங்க?” என்று கேட்டேன். அக்கா எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, பின்னால் இருந்த அலமாரியிலிருந்து டப்பாக்களை எடுக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று இல்லை, கை கொண்ட மட்டும் அள்ளினார். மேல்தட்டு காலியானது, நடுத்தட்டு காலியானது. ஒரு பெரிய துணிப்பை நிறையத் திணித்து என் கையில் கொடுத்தார். மாமா பணம் எடுத்தார். “பாப்பாவுக்குக் குடுக்கறதுக்கு யாராவது காசு வாங்குவாங்களானு கேளு” என்றார் அக்கா. நானும் மாமாவைப் பார்த்து அதையே கேட்டேன்.

எனக்கு வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமான நாள் இல்லை. இத்தனை நாள் கஞ்சம் என்று திட்டிய அக்கா இவ்வளவு நல்லவராக இருந்துவிட்டாரே என்று வழி நெடுக மாமாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். “ஒரே ஒரு டப்பாதான் தருவாங்கனு நெனச்சேன் மாமா. எல்லாத்தையும் குடுத்துட்டாங்க!” என்றேன். தினம் ஒன்றாகக் கொடுப்பதற்கும் மொத்தமாகக் கொடுத்துவிடுவதற்கும் என்ன வித்தியாசம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தேரடி வந்ததும் கோபுரத்தைப் பார்த்து நின்றார். கும்பிடவில்லை.

மாமா பரீட்சையில் தேறினார். போலீஸ் வேலை இல்லை, வந்தவாசியில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயின, மாமி நல்லவர். வருடா வருடம் தீபத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மலையில் ஜோதி பார்க்க எல்லோரும் மாடியில் ஆளுக்கொரு இடத்தில் நிற்போம். மாமா மட்டும் அந்தச் சிமெண்டுப் பூச்சின் மேல் போய் உட்காருவார். அங்கிருந்துதான் மலை நன்றாகத் தெரிகிறது என்பார். எங்கள் மாடியில் எங்கே உட்கார்ந்தாலும் மலை ஒரே மாதிரிதான் தெரியும்.

பை நிறையக் கேப் கிடைத்த அந்த வருடத்துத் தீபத்தன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பூச்சு இன்னும் நிறம் வெளுக்காமல் இருந்தது. ஆறு மணிக்கு உச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே அரோகரா என்று முழங்கியது. மலையில் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவார்கள் என்பதால் அம்மா அகலோடு கீழே இறங்கினாள். தெருவில் பையன்கள் கரித்தூள் கட்டிய மாவளியைச் சுற்றப் பொறி பறந்தது. நான் ரிவால்வரை வானத்தைப் பார்த்து நீட்டி எட்டையும் சுட்டேன். மாமா கையை நீட்டினார். நகத்தால் நெம்பி, மடக்கி, ரிங்கை வைத்து, ஒரு சொடுக்கில் மூடினார். அக்கா செய்கிற மாதிரியே இருந்தது.

“சுடு” என்றார்.

சுட்டேன். மறுபடி நிரப்பிக் கொடுத்தார். நாளைக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாமே என்று எனக்கே தோன்றிச் சொன்னேன். “வேணாம். வெச்சிருந்தா நமுத்துப் போயிடும். எல்லாத்தையும் சுட்டுடு” என்றார். நான் சுடச்சுட அவர் நிரப்பினார். காதில் ஙொய் என்று சத்தம், விரல் காய்த்துப்போயிற்று, மருந்துப் புகையில் எனக்குக் கண் எரிந்து நீர் வந்தது. அவருக்கும் வந்தது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது ஒன்றும் விழவில்லை.

“தீர்ந்துடுச்சு மாமா. நாளைக்குக் கடைக்குப் போலாமா?”

“அங்க ஸ்டாக் இல்ல பாப்பா” என்றார், மலையைப் பார்த்துக்கொண்டே.

உண்மைதானே, எல்லாவற்றையும் எனக்கே கொடுத்துவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன். மாமா இவ்வளவு வருத்தப்படுவது எனக்குக் கேப் இல்லாமல் போனதற்காக என்று தோன்றியது. பாவமாக இருந்தது. அவர் தோளில் கையைப் போட்டு, அடுத்த தீபாவளிக்கு அந்த அக்கா பெங்களூரிலிருந்து கண்டிப்பாகப் புது ஸ்டாக் கொண்டுவருவார்கள், நாம் ரெண்டு பேரும் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன். மாமாவும் சரி என்று தலையாட்டினார்.